குட்டைப் பிடி போட்ட மூன்று உளிகள்

காளிதாஸுக்குத் தெரியாத சாமான் கிடையாது என்று, சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள தம்போய் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே காளிதாஸ்தான் என்று அவர் மனைவி பிரேமலா சொல்வார். எது எப்படியோ, துருப்பிடித்த பழைய கைச்சாமான் எதையாவது கண்டெடுத்து, இது எதற்கு உதவும் என்று தெரியாமல் விழிப்பவர்கள் அதைப் படம் பிடித்து அவருடைய வாட்சாப்புக்கு அனுப்புவார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாலு பக்கமும் படம் எடுக்கச் சொல்லி, பக்கத்தில் ஐம்பது காசு நாணயத்தை வைத்து மறுபடி எடுக்கச் சொல்லி, ஆளைப் படுத்தி எடுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். சொன்ன பதில் சரியாகத்தான் இருக்கும்.

நகரத்தில் கேக் கடை வைத்திருந்த ஒருவர் பழைய சாமான்களைச் சுவரில் மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தார். நடுநாயகமாக ஒரு பெரிய இரும்பு இடுக்கி. பாக்கு உடைப்பதா, தேங்காய் உடைப்பதா என்று வருகிறவர்களெல்லாம் கேட்கவே, அவர் படத்தை அனுப்பினார். காளிதாஸ் ஒரே வரியில் பதில் போட்டார்: காளைக்குக் காயடிக்கிற இடுக்கி. மறுநாள் அந்தச் சுவரில் பூச்சாடி தொங்கியது. அரிசி மூட்டையில் குத்தி மணி பார்க்கும் குத்தூசியும் ஐஸ் கட்டியைத் தூக்கும் கொக்கியும் இப்படித்தான் அவர் வாயால் தங்கள் பேரைத் திரும்பப் பெற்றன.

அறிவு ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் கருவிகள் செய்யும் டூல்ரூமில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், பாலம் தாண்டி வந்து, மழையிலும் புகையிலும் பாதி ஆயுளைக் கழித்தவர். இரும்பை நூலிழை சுத்தமாக அளக்கத் தெரிந்த கை அது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டின் பின்னறையை ஒழித்து, ஒரு மேசை, ஒரு விளக்கு, வெர்னியர் அளவுகோல், நீல மட்டை போட்ட நோட்டு என்று உட்கார்ந்துவிட்டார். "சாமானோட வாயப் பாக்காதீங்க, பிடியப் பாருங்க" என்று கேட்கிறவர்களிடம் சொல்வார். வாய் என்கிற முனை எல்லா வேலைக்கும் போகும், பிடி மட்டும்தான் பிடித்தவன் கைக்கு ஏற்பத் தேயும் என்பது அவர் கட்சி.

சிகாமட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் இறக்கினார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளிக்கு முந்தின ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம் தட்டுத்தடுமாறி, தொழிற்பள்ளிக்குப் போய்ச் சிங்கப்பூர் வேலைக்குத் தேர்வானார். ஏழு வயது மூத்த அக்கா கஸ்தூரி மட்டும் நாலாம் வகுப்போடு நின்றுபோனார். ஏன் என்று யாராவது கேட்டால் காளிதாஸுக்கு ஒரே பதில்: "அக்காவுக்குப் படிப்பு ஏறல." அப்பா சொல்லிக் கேட்டது. குழந்தையில் காதில் விழுந்ததை அப்படியே ஐம்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. மரம் வெட்டுகிறவர் வீட்டிலிருந்து தான் மேலே வந்த கதையைச் சொல்லும்போது அந்த வரி ஒரு படிக்கட்டுபோல உதவியது, அவ்வளவுதான்.

சிகாமட்டில் வெள்ளம் வந்தபோது கஸ்தூரி அக்காவின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அறுபத்தொன்பது வயதில், ஒரு பையும் ஒரு சாமி படமுமாகத் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீடு காய்ந்ததும் போய்விடுகிறேன் என்றார். பிரேமலா விடவில்லை. சமையலில் கூடமாட நிற்பார், துணி மடிப்பார், சாயங்காலம் சீரியல் பார்ப்பார். பின்னறைப் பக்கம் மட்டும் வரமாட்டார். அங்கே துரு நெடி அடிக்கிறது என்பார்.

இந்தச் சமயத்தில்தான் கெலாங் பாத்தா பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தோட்டத்து மக்கள் புழங்கிய சாமான்களை வைத்து ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தார்கள். தேன்மொழி என்ற ஆசிரியை வீடு வீடாக அலைந்து நாற்பத்தொரு சாமான் சேர்த்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பேரும் பயனும் எழுதிக் கொடுக்க வேண்டியது காளிதாஸ். திறப்பு நாளில் பத்து நிமிடம் பேசவும் வேண்டும். பேச்சை எழுதி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் அக்காவைப் பற்றிய அந்த வரியும் இருந்தது. அக்காவை முதல் வரிசையில் உட்காரவைத்து அதைச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. தன் வாழ்க்கையையே பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் எடுத்து வைக்கிற நாள் அது என்று நினைத்தார். அட்டையில் ஒரு சொல் பிசகினாலும் அத்தனை பிள்ளைகளும் பிசகைத்தான் படித்துவிட்டுப் போகும் என்று அவருக்குக் கவலை வேறு.

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு ஒரு வாரத்தில் முடிந்தது. மீதி மூன்றும் ஒரே மாதிரியானவை. அவற்றைப் பள்ளிக்கு அனுப்பியவர் குணாளன் என்ற லாரி ஓட்டுநர். சிகாமட்டில் வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவும்போது படிக்கட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி கிடைத்ததாம். வீடு அவர் விலைக்கு வாங்கியது, பெட்டி யாருடையதென்று அவருக்குத் தெரியாது.

பெட்டிக்குள் இருந்தவை உளிகள். பால் மரத்தின் பட்டையைச் சீவும் கத்தியைத் தோட்டத்தில் உளி என்பார்கள். நுனி மடங்கி, மடிப்பில் கூர் இருக்கும். அதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் பிடி குட்டை. வழக்கமான பிடியில் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தது. உடைந்துபோய்க் குட்டையானதல்ல. அளவு பார்த்து ரம்பத்தால் அறுத்து, முனையை உருட்டி, சுற்றிலும் சீவி மெல்லிசாக்கியிருந்தார்கள். ஒன்றின் மேல் பழைய வேட்டித் துணி சுற்றி இறுக்கியிருந்தது. காளிதாஸ் வெர்னியரை எடுத்தார். விரல்கள் பதிந்து தேய்ந்த இடத்தின் அகலத்தை அளந்து நோட்டில் எழுதினார். அறுபத்தொரு மில்லிமீட்டர், அறுபத்து மூன்று, அறுபத்தெட்டு. பக்கத்தில் "தேய்மானம் குறுகல்" என்றும் எழுதினார்.

அந்த மூன்று எண்களோடு நாலு நாள் மல்லுக்கட்டினார். தைப்பிங்கிலிருந்த ஒரு பழைய சாமான் சேகரிப்பாளருக்குப் படம் அனுப்பினார். கேரளத்து ஆள் ஒருவரிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார். பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்தூரி அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டியவர் அவர். அவரைக் கேட்கலாம் என்று காளிதாஸுக்குத் தோன்றவே இல்லை. இதை நான் சாக்குச் சொல்லி மூடப்போவதில்லை. அவருக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் பளிச்சென்று பிடிபட்டது. மரத்தில் உயரத்தில் வெட்டுவதற்கு நீளப் பிடி போட்ட உளி உண்டு. அப்படியானால் அடிமரத்தில், தரைக்குப் பக்கத்தில் வெட்டுவதற்குக் குட்டைப் பிடிதானே வேண்டும்? கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். அவ்வளவு ஒழுங்கான கணக்கு. காளிதாஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அட்டையில் எழுதித் தேன்மொழி டீச்சருக்கு அனுப்பினார்: "தாழ்வெட்டு உளி. மரத்தின் அடிப்பகுதியில் பட்டை சீவுவதற்காகக் கைப்பிடி குட்டையாக அமைக்கப்பட்டது." டீச்சர் அதை அழகாக அச்சடித்து வைத்துவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை, மேசைகளைத் துடைத்து அடுக்குவதற்குக் காளிதாஸ் பள்ளிக்குப் புறப்பட்டார். பிரேமலாவுக்குக் கால் வலி. "நான் வரேன்டா, வீட்டுல சும்மாதானே இருக்கேன்" என்று கஸ்தூரி அக்கா ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

மண்டபத்தில் விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. தேன்மொழி டீச்சர் ஓடி வந்தார். "வாங்க அங்கிள். பசியாறியாச்சா? ஆன்ட்டி, நீங்க உக்காருங்க." அக்கா உட்காரவில்லை. துண்டோடு மேசை மேசையாகப் போனார். பால் வடியும் மங்குக் கிண்ணத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வாளிகளைத் துடைத்தார். அட்டைகளை எழுத்துக்கூட்டாமல் சரளமாகவே படித்தார், தினமும் பேப்பர் படிக்கிறவர். எல்லாம் சரிதான் என்பதுபோல நகர்ந்துகொண்டே வந்து, உளிகள் இருந்த கடைசி மேசையில் நின்றார்.

காளிதாஸ் நாலடி தள்ளி ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அக்கா அந்த இடத்திலேயே நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பெருமையாக இருந்தது. "அதுதான் அக்கா இருக்கிறதிலேயே கஷ்டமானது. அஞ்சு நாள் ஆச்சு கண்டுபிடிக்க" என்றார்.

அக்கா அட்டையை இன்னொரு முறை படித்தார்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான்."

"தாழ்வெட்டு மரத்துக்குப் பெரியாளு குனிஞ்சுதானே வெட்டணும்? அதுக்கு எதுக்குடா குட்டைப் பிடி? இன்னும் குனியவா?"

காளிதாஸ் சுருட்டிய வயரைக் கீழே வைத்தார். தோட்டத்தில் பிறந்தவர்தான், ஆனால் ஒரு நாள்கூட மரத்தடியில் உளி பிடித்து நின்றதில்லை. நின்றிருந்தால் அந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார். தோட்டமே தெரியாத ஒருவராக இருந்தால் தெரியவில்லை என்று விட்டிருப்பார். பாதி தெரிந்ததுதான் அவரைக் கவிழ்த்தது.

அக்கா துணி சுற்றிய உளியைக் கையில் எடுத்தார். பிடியை மூடினார். சுண்டுவிரல் பிடிக்கு வெளியே நின்றது. "இது சின்னப்பிள்ளைங்க உளி" என்றார். "ஒம்பது, பத்து வயசுப் பிள்ளைக்கு. பெரிய உளி அதுங்க கையில நிக்காது. பட்டைய விட்டு மரத்துல இறங்கிடும், மரம் காயமாச்சுன்னா கங்காணி கத்துவாரு. அதனால பிடிய அறுத்துச் சீவித் தருவாங்க."

"சின்னப்பிள்ளைங்க மரம் வெட்டினாங்களா? கூடமாடப் போவாங்க, மங்கு தொடைப்பாங்க. அது தெரியும்."

"நான் வெட்டினேன்."

தேன்மொழி டீச்சர் கையிலிருந்த பசைநாடாவை மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

அக்காவின் குரலில் குறையோ கோபமோ இல்லை. அடுப்பில் என்ன வைத்திருக்கிறது என்று சொல்வதுபோலவே சொன்னார். "ஒனக்கப்புறம் ஒரு தங்கச்சி பொறந்து எறந்து போச்சே, அதுக்கப்புறம் அம்மாவால ரொம்ப தூரம் நடக்க முடியல. ரெண்டு பேரோட பேரு வேலைக் கணக்குல இருந்தாத்தான் தோட்டத்து வீடுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. காலைல பெரட்டுல பேரு கூப்பிடறப்ப அம்மா போய் நிப்பாங்க. மரத்துக்கு நான் போவேன். அம்மாவோட மர நிரையில ஒசந்த வெட்டெல்லாம் அப்பா ஓடி வந்து முடிச்சுக் குடுப்பாரு. தாழ்ந்த வெட்டெல்லாம் எனக்கு. எனக்குக் குனிய வேணாம் பாரு, நின்னா நெஞ்சுக்கு நேரா இருக்கும்."

"அப்ப தாழ்வெட்டுக்குத்தானே..." என்று காளிதாஸ் இழுத்தார். பிடித்த பிடியை விட மனசு வரவில்லை அவருக்கு.

"வெட்டு தாழ்வுதான். பிடிய அறுத்தது மரத்துக்காக இல்லடா, கைக்காக." உளியைத் தம்பி பக்கம் திருப்பிக் காட்டினார். "பாரு, நாலு வெரலும் பதிஞ்சு தேஞ்ச எடம் எவ்வளவுன்னு."

காளிதாஸ் பார்த்தார். அறுபத்து மூன்று மில்லிமீட்டர். தன் கையாலேயே அளந்து, தன் கையாலேயே எழுதிய எண். ஒரு பிள்ளையின் உள்ளங்கை அகலம் அது. நாலு நாள் அதைக் கண்ணுக்கு நேராக வைத்திருந்தும் அவருக்கு அது எண்ணாகத்தான் தெரிந்தது. வெட்கம் என்றால் இதுதான் என்று அறுபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டார்.

"அக்கா, ஒனக்குப் படிப்பு ஏறலன்னு..."

"அப்பா சொன்னாரு" என்று அக்கா முடித்தார். "ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்துட்டாரு, பிள்ளைய ஏன் நிறுத்தறீங்கன்னு. என்ன சொல்வாரு அப்பா? மரம் வெட்ட அனுப்பறேன்னா சொல்ல முடியும்? இவளுக்குப் படிப்பு ஏறல சார்ன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். அந்த வருசம் நான் வகுப்புல ரெண்டாவது. ஹெட்மாஸ்டருக்கும் தெரியும். அவரு ஒண்ணும் பேசாம சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

அக்கா உளியை மேசையில் வைத்தார். அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணி கசங்கியிருந்தது, அதை நீவிவிட்டார். "எல்லாச் சாமானையும் எதுக்கு எதுக்குன்னு கேட்டுக்கிட்டு இருக்க. என்னைய நீ கேட்டதில்லையே."

காளிதாஸ் நாற்காலி தேடி உட்கார்ந்தார். கண் கலங்கியதை மறைக்கவில்லை. தன் நாலு வயதில் அக்கா மத்தியானம் வீட்டுக்கு வருவதற்காக வாசலில் காத்துக்கிடந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. அக்கா கையில் ரப்பர் பால் காய்ந்து தோல்போல ஒட்டியிருக்கும், அதை இவர் உரித்து உரித்து விளையாடுவார். அந்தப் பால் எப்படிக் கைக்கு வந்தது என்று அந்தக் குழந்தைக்குக் கேட்கத் தெரியவில்லை. பெரியவனான பிறகு கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டைப்பையிலிருந்து பேச்சை எடுத்தார். அந்த வரியை அடித்தார். பக்கத்தில் அக்காவின் பேரை எழுதினார். "நாளைக்கு நான் இதச் சொல்லப் போறேன். அட்டையிலயும் போடப் போறேன். கஸ்தூரின்னு பேரு போட்டு."

"வேணாம்."

"ஏன்?"

"அப்பா பேரு கெடும். ஒக்காந்து என்னோட உளிக்குப் பிடி சீவிக் குடுத்தவரு அவரு. கைய விரி, மூடு, விரி, மூடுன்னு பத்துத் தடவ பாத்துப் பாத்துச் சீவினாரு. கொப்புளம் வரக்கூடாதுன்னு தன்னோட வேட்டியக் கிழிச்சுச் சுத்தினாரு. நாளைக்கு யாராவது, பெத்த பிள்ளைய வேலைக்கு அனுப்பின ஆளுன்னு அவர ஒரு வார்த்த சொன்னா என்னால கேக்க முடியாது."

"அப்ப பொய்யவே விட்டு வைக்கவா? இத்தன பிள்ளைங்க படிக்கப் போவுது."

அக்கா மூன்று உளிகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். "இது என்னோடது இல்லடா. என்னோடது எப்பவோ போச்சு. இது மூணும் யாரோடதோ. மூணு பிள்ளைங்களோ, ஒரே பிள்ள வளர வளர மாத்தினதோ. எம்பேரப் போட்டா அதுங்க பேரு எங்க போவும்?"

டூல்ரூமில் முப்பத்தொரு வருடம் காளிதாஸ் படித்ததெல்லாம் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வரவில்லை.

தேன்மொழி டீச்சர்தான் மெதுவாக வாயைத் திறந்தார். "ஆன்ட்டி, பேரு வேணாம். அப்பாவப் பத்தியும் வேணாம். இது என்னன்னு மட்டும் சொல்லுங்க. நான் டைப் பண்ணி மாத்திடறேன்."

அச்சடித்த அட்டையைக் காளிதாஸ் எடுத்துக் கவிழ்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தன் பேனாவைத் திறந்து அக்கா பக்கம் நீட்டினார். "நீயே எழுதுக்கா."

"எனக்கு எங்கடா எழுத வருது? கையெழுத்து மட்டும்தான் போடுவேன்."

"வரும். எழுது."

கஸ்தூரி அக்கா நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பேனாவை மூன்று விரலால் அழுத்திப் பிடித்து, தலையைச் சாய்த்து, எழுத ஆரம்பித்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் சுண்டுவிரலை வைத்து இடம் விட்டார். ஒரு வரி முடிய வெகுநேரம் ஆயிற்று. காளிதாஸும் டீச்சரும் காத்திருந்தார்கள்.

"இது சிறு பிள்ளைகள் பால் மரம் வெட்டிய உளி. பிடி அவர்கள் கைக்கு அளவாகச் செய்தது."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. எழுத்துகள் பெரிசு பெரிசாக, உருண்டையாக, கோடு போடாத அட்டையில் கோடு போட்டதுபோல நேராக நின்றன. அறுபத்தொன்பது வயது மனுஷியின் எழுத்தே அல்ல. நாலாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண்பிள்ளையின் எழுத்து.

"டைப் பண்ணிடவா அங்கிள்?" என்று தேன்மொழி டீச்சர் கேட்டார்.

"வேணாம் டீச்சர்" என்றார் காளிதாஸ். "அப்படியே இருக்கட்டும்."